நிலா ஏன் பெரிதாகவில்லை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் சுகமாக இருக்கிறோம் என்று இத்தனை கடிதங்களிலும் ஒப்புக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தேன், இந்த முறை மனசார எழுதுகிறேன். உன் இருமல் நின்றதா, வெந்நீர் குடிக்கிறாயா? இங்கே சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, குழாய்க்காரர் இன்று நாளை என்று இழுத்தடிக்கிறார். அது கிடக்கட்டும், சொல்லவேண்டிய சேதி வேறு.

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பா வாயில் ஒரு முழு வாக்கியம் வரவில்லை என்பது உனக்குத் தெரியும். கரண்டி கேட்க நினைத்துச் சாவி என்பார், தப்பு என்று அவருக்கே புரிந்ததும் வாயை மூடிக்கொள்வார். பேச்சுப் பயிற்சி தருகிற பெண் படங்களைக் காட்டினால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். அவர் மனம் நோகக் கூடாதென்று நானும் எதற்கெடுத்தாலும் சரி சரி என்றேன். உன் மாமா மட்டும் அப்படித் தலையாட்ட மறுத்துவிட்டான். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்த காலத்திலிருந்தே அப்பாவுக்கு ஒரு கட்சி உண்டே, லிஃப்ட் மேலே கிளம்பும்போது கால் அழுந்துகிறதல்லவா, எடை என்பதும் அதுதான், பூமி நம்மை இழுக்கவில்லை, அணுக்களெல்லாம் ஓயாமல் பெருத்துக்கொண்டே இருக்கின்றன, தரைதான் மேலே வந்து நம்மை முட்டுகிறது என்று. முன்பெல்லாம் சோறு ஆறிப்போகும்வரை இரண்டு பேரும் இதற்காக மல்லுக்கட்டுவார்கள், நீ காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போவாய்.

போன சனிக்கிழமை நூலக மாடியில் ஈர்ப்பைப் பற்றி விவாதக் கூட்டம். அத்தான் கட்சியை நான் பேசுறேன், அவர் சும்மா வந்து உட்காரட்டும் என்றான் மாமா. எனக்கோ பயம். நாலு பேர் முன்னால் தடுமாறினால் அப்புறம் வீட்டிலும் வாய் திறக்கமாட்டாரே. ஆனால் அவரோ எனக்கு முன்னால் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறார், என்ன செய்வது.

மாமா எழுந்து பேச ஆரம்பித்தான். "பூமி மட்டும் வீங்குதுன்னு எங்க அத்தான் சொல்றார்" என்றான். அப்பா இல்லையென்று தலையை ஆட்டினார். அவன் கண்டுகொள்ளாமல் மறுபடி அதையே சொன்னான். உடனே நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டு அப்பா எழுந்தே விட்டார். "தப்பு. பூமி மட்டும் இல்லடா. எல்லா அணுவும் பெருசாகுது. நீ, நான், இந்த நாற்காலி, அளக்குற ஸ்கேல்கூட. அதனாலதான் அளந்தாலும் தெரியல." நடுவில் ஒரு இடத்தில் திக்கினார், ஆனால் விடாமல் முடித்தார். எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது, கைதட்டக்கூடத் தோன்றவில்லை.

கூட்டத்திலிருந்த இயற்பியல் டீச்சர் அவரை நோயாளி என்று விட்டுவிடவில்லை, நேராகவே கேட்டாள். "சரிங்க, நமக்கும் நிலாவுக்கும் நடுவுல இருக்கிறது வெற்றிடம். அதுல அணுவே இல்ல, அது எப்படிப் பெருசாகும்? பூமியும் நிலாவும் மட்டும் பெருத்துக்கிட்டே போனா இடைவெளி குறையணும், நிலா வரவரப் பெருசாத் தெரியணுமே?" அப்பா சிரித்தார், கோணலான அந்தச் சிரிப்பையும் பார்த்து எவ்வளவு காலமாயிற்று. "நல்லா மாட்டிவிட்டீங்க. இப்போ பதில் இல்ல. அடுத்த கூட்டத்துக்கு வர்றேன்" என்றார். தோற்றவருக்குத்தான் அன்றைக்கு அத்தனை கைதட்டல்.

திரும்பி வரும்போது மாமா என் காதில், "வேணும்னேதான் தப்பாச் சொன்னேன்க்கா, அவருக்குக் கோபம் வந்தா வார்த்தையும் வரும்னு தெரியும்" என்றான். பின்னால் வந்த அப்பாவுக்கும் அது கேட்டுவிட்டது, அவனை அவர் திட்டிய வசவில் ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை.

இப்போது வீட்டில் வாய் ஓய்வதில்லை, பயிற்சிக்கு வருகிற பெண்ணையும் கட்சியில் சேர்க்கப் பார்க்கிறார். நீ குறையில்லாமல் நீண்டநாள் நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், அப்பாவே எடுப்பார். அவருக்காக நிறுத்தி நிறுத்திப் பேசாதே. பாவம் என்று எதற்கும் தலையாட்டாதே. எதிர்த்துப் பேசு.

உன் அன்பு அம்மா