கதவுக்கு ஒரு ஆள்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? கெண்ட் நகரில் நான் நலமே.

வியாழனன்று என் பொம்மலாட்டத்துக்கு முப்பது பேர் வந்தார்கள். டிக்கெட் கிழிப்பது, விளக்குப் போடுவது, பொம்மை ஆட்டுவது எல்லாம் நான்தான். ஏழு அடித்ததும் வழக்கப்படி கதவைப் பூட்டிவிட்டு ஆடப் போனேன். ஆட்டம் முடிந்து திறந்தால், கோடை விழாவுக்கு ஆட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் மார்லீன் மழையில் நனைந்து நிற்கிறார்.

"அஞ்சு நிமிஷம்தான் லேட்டு. எவ்வளவு தட்டுனேன்! கதவுக்கு ஒரு ஆள் போடக் கூடாதா?"

"அந்த ஆளும் நான்தாங்க. உள்ள ஆடிக்கிட்டிருந்தேன்."

சிரித்தார். விழாவுக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டார்.

அப்பாவின் கம்பளிக் காலுறைகளை அனுப்புங்கள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. முழங்கால் இடம் கொடுத்தால் வசந்தத்தில் வாருங்கள். கதவருகே நாற்காலி போட்டு வைக்கிறேன்.

உங்கள் யித்கா