ரோமில் ஊதிய மெழுகுதிரி

வியாழன், இரவு

உலக மக்களுக்கு ஒரு துயர அறிவித்தல்: ரோமுக்குச் சுற்றுலா சென்ற என் இடது காலுறை செவன் கிங்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. தேடுதல் தொடர்கிறது.

மற்றச் செய்தி சின்னது. நாங்கள் சைவ சமயம்தான். ஆனாலும் அம்மா ஊரில் அந்தோனியாருக்குத் திரி கொளுத்திப் பழகியவர். ரோமிலும் ஒரு தேவாலயத்தையும் விடவில்லை. கடைசித் தேவாலயத்தில் தங்கச்சியைச் சிரிக்கவைக்க, பிறந்தநாள் பாட்டுப் பாடி ஒரு மெழுகுதிரியை ஊதி அணைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணா, அது அப்பாவின்ர ஒப்பரேஷனுக்கு அம்மா இப்பத்தான் ஏத்தினது."

"போடி. ரோமிலையே எனக்கு ஒரு ரோமமும் சிலிர்க்கேல்லை."

இன்று பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அடுத்த மாதம் நடக்கவிருந்த அப்பாவின் இருதய ஒப்பரேஷன் நாளைக் காலையே நடக்குமாம். ஏன் இந்த அவசரம் என்று அப்பா கேட்கவில்லை. பையை அடுக்கினார்.

சாப்பாட்டில் அம்மா சொன்னார்: "பயப்பிடாதேங்கோ. அங்க திரி ஏத்திப்போட்டுத்தானே வந்தனான். கடைசிமட்டும் எரிஞ்சிருக்கும்."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் புட்டைப் பார்த்தேன்.

"என்னடா, உன்ர வாய்க்கு இண்டைக்கு லீவோ?" என்றார் அப்பா.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பயமும் கிடையாது. எல்லாரும் படுத்தபின் சாமித்தட்டில் விளக்கேற்றி, அதற்குப் பக்கத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன். மூச்சைக்கூட மற்றப் பக்கம் திரும்பித்தான் விடுகிறேன்.