பின்பக்கத்தில் கொழும்பு என்று எழுதிய கப்பல்

மச்சான்,

இன்று காலை இழுவை டக் போட்டின் குசினியில் தேநீர் ஊற்றும்போது ஈரக் கரியின் வாசம் வந்தது. உப்புத்தண்ணியில் நனைந்த நிலக்கரித் தூள், பழைய இரும்பும் அணைந்த அடுப்பும் கலந்த மாதிரி மணக்குமே, அதுதான். சோளகக் காற்று ஓய்ந்து இரண்டு மாதமாக, நுரைச்சோலை மின்நிலையக் கடலில் கரிக்கப்பல்கள் திரும்ப வந்து நிற்கின்றன. அந்த வாசத்துக்குப் பின்னாலேயே உன் குரலும் வரும். "சீனி போடுடா, கரி போடாத" என்பாய். கரிதான் மலிவு என்பேன் நான். இன்றைக்குப் பகிடி விட ஆளில்லை. நானே குடித்தேன். கரியாகத்தான் இருந்தது.

பெரிய கப்பல் கரைக்கு வர ஆழம் போதாது. அது வெளியே நிற்கும், தட்டையான பாஜ் படகில் கரியை இறக்குவார்கள், அந்தப் பாஜை இழுத்து வருவது நம் டக். நான் சமையல், நீ கயிறு. கப்பலின் பின்பக்கத்தைச் சுற்றிப் போகும்போதெல்லாம் நீ மேலே பார்த்து வாசிப்பாய். மேல் வரியில் கப்பலின் பேர், கீழ் வரியில் அது எந்த நாட்டுக் கொடியோ அந்த நாட்டுத் துறைமுகத்தின் பேர். பனாமா, மொன்ரோவியா, மஜூரோ. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஏறாத இங்கிலீஷ் எழுத்து அந்த இரும்பில்தான் ஏறியது.

"நம்ம ஊட்டு லைட் எரியுற கரி, கண்டவன்ட கப்பல்ல வருது," என்று தொடங்குவாய். "சுத்திவரத் தண்ணி, ஏறிப் போக ஒரு கப்பல் இல்ல. இது தீவாடா? நனைஞ்ச காணி." கடற்படைப் படகு ஒன்று கடந்து போனால் அதற்கும் ஒரு கதை வைத்திருப்பாய். காவலுக்கு ஆள் இருக்கிறது, காக்க நம்முடைய கப்பல்தான் இல்லை என்பாய். கப்பல் மந்திரி வந்துவிட்டார், கதிரை போடுங்கள் என்று நான் கத்துவேன். டக்கே சிரிக்கும்.

பிறகு நீயே கண்டவன் கப்பலில் வேலைக்குப் போனாய். என் தங்கச்சி, உன் மனுசி, வாசலில் நின்றாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்துத்தான் சொன்னாய்: "கொழும்பெண்டு எழுதின கப்பல் இந்தக் கடலுக்கு வந்த அண்டைக்கு, உலகத்தில எங்க நிண்டாலும் இறங்கி வந்துருவன்." அப்படியென்றால் நீ பொல்லு ஊன்றித்தான் வருவாய் என்றேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் அந்த வாசலில் நிற்கிறது. நான் குனிந்துதான் நுழைகிறேன்.

பிறகு ஒரு நாள் அந்தக் கப்பலிலிருந்து, காலையில் ஆளைக் காணவில்லை, கடலில் விழுந்திருக்கலாம் என்று செய்தி வந்தது. 'இருக்கலாம்' என்ற ஒரு சொல்லைத் தவிர உன்னைப் பற்றி எதுவும் ஊருக்கு வரவில்லை. யாரிடம் கேட்பது? கொடி ஒரு நாடு, முதலாளி ஒரு நாடு, ஆள் பிடித்தவன் இன்னொரு நாடு. ஒவ்வொருவனும் அடுத்தவனைக் கையால் காட்டினான். கடைசியில் கப்பலையும் விற்றுப் பேரை மாற்றிவிட்டார்கள். தொலைந்த ஆளைத் தேடினால், அவன் தொலைந்த இடமும் தொலைந்து போயிருந்தது.

மார்க்க வழக்குத் தீர்க்கும் காதியார் பொறுமையாகச் சொன்னார், காலம் போய்விட்டது, ஆள் மவுத்து, இறந்ததாக எடுத்து, விதவைக்குள்ள இத்தா இருக்கலாம் என்று. தங்கச்சி இந்த அண்ணன் சொல்லியும் கேட்கவில்லை. "கொழும்புக் கப்பல் வரட்டும் நானா. அண்டைக்கும் அவர் வரல்லண்டா பார்ப்பம்," என்றாள். நிறச் சாரியே உடுத்தினாள். உன் சாரத்தைத் துவைத்துக் காயப்போட்டாள். ஊர் அவளைப் பைத்தியம் என்றது. விதவையா, புருசன் உள்ளவளா என்று கேட்டவர்களுக்குக் கயிற்றில் காயும் சாரத்தைக் காட்டினாள்.

இதற்குள் ரேடியோவில் உன் கதை வரத் தொடங்கியது, மச்சான். நாடு திரும்பவும் கடலில் எழும்பப் போகிறதாம். சரக்குக் கப்பல் வாங்குகிறார்களாம், கடற்படைக்கும் புதுசு வருகிறதாம். முந்தல் ஊர்த் தேநீர்க்கடையில் எல்லோரும் பகிடி பண்ணினார்கள். பகிடிக்கு நான்தானே முதல் ஆள்? அன்றைக்குக் காசை வைத்துவிட்டு எழும்பி வந்தேன். நாடு கப்பல் வரட்டும் என்று கேட்க, நான் அது வரக்கூடாது என்று தொழுகையில் துஆக் கேட்டேன்.

போன மாதம் அந்தக் கப்பல் வந்தது. நம் கொடி பறந்தது. டக் ஓட்டும் ஸ்கிப்பரிடம் பின்பக்கத்தைச் சுற்றிப் போகச் சொன்னேன். நீ சொன்ன இடத்தில், கீழ் வரியில், கொழும்பு. பழைய கப்பல்தான், வாங்கிப் பூசியிருந்தார்கள். பூச்சுக்கு அடியில் முந்தின பேரின் எழுத்து இரும்பில் தழும்பாகத் தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். நீ போன கப்பல் இல்லை. மேலே கம்பியில் முழங்கையை ஊன்றி ஒருவன் நின்றான், நீ நிற்கிற அதே மாதிரி. கை காட்டினான். நானும் காட்டினேன். அவன் முகத்தைத் திருப்பியபோது யாரோ ஒரு பொடியன்.

ஒன்று மட்டும் நினைத்தேன். இனி இந்தக் கப்பலில் ஒருவன் தவறினால், போய்த் தட்ட ஒரு கதவு கொழும்பில் இருக்கும். உனக்கு அது இருக்கவில்லை.

தங்கச்சி வாசலில் நின்றாள்.

"எழுதியிருக்கா நானா?"

"ஓம்."

"ஆக்கள் எல்லாரையும் பார்த்தீங்களா?"

"பார்த்தன்."

வழியெல்லாம் ஒரு பகிடியை யோசித்துக்கொண்டு வந்திருந்தேன், அவளைச் சிரிக்க வைக்க. அதைத் தொடங்குமுன் அவள் உள்ளே போய் அலுமாரியைத் திறந்தாள். அடித்தட்டிலிருந்து ஒரு வெள்ளைச் சாரியை எடுத்தாள். மடிப்பு மஞ்சளாகியிருந்தது. எப்போது வாங்கி வைத்தாளோ, எனக்குத் தெரியாது.

பள்ளிவாசலில் உனக்கு ஜனாஸாத் தொழுகை வைத்தோம், முன்னால் உடலைத் தூக்கிவரும் சந்தூக்கு இல்லாமல். அவள் உள்ளறையில் இத்தா இருக்கிறாள். உன் சாரம் மடித்து வைக்கப்பட்டுவிட்டது. காத்திருப்பதை அவள் இறக்கி வைத்துவிட்டாள். அதை இப்போது நான் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

இன்றைக்கும் ஒரு கப்பல் வெளியே நிற்கிறது. மொன்ரோவியா. ஸ்கிப்பர் இப்போது சொல்லாமலே பின்பக்கமாகத் திருப்புகிறார். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, பூச்சுக்கு அடியில் உன் கப்பலின் பழைய பேர் இருக்கிறதா என்று எழுத்துக் கூட்டிப் பார்க்கிறேன். நீ காட்டித் தந்த எழுத்து மச்சான். மறக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.