பதினொரு பேருக்குப் பங்கு வைத்த அப்பா

என் கோபக்காரத் தங்கச்சி வசந்திக்கு,

முதலில் வீட்டுச் சேதி. உன் பொண்ணு கவி இங்கே சாரத்தில் என் வீட்டில்தான் இருக்கிறாள். உன்னைப் போலவே ரசம் ஊற்றிக்கொண்ட பிறகுதான் குழம்பு கேட்கிறாள். இடுப்பில் கை வைத்துத் தெருவையே விசாரிப்பாளே எதிர்வீட்டுக்காரி, அவள் மருமகள் புருஷனையும் கேஸ் அடுப்பையும் தூக்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டாள். நீ இருந்திருந்தால் இந்த ஒரு விஷயத்துக்கே நாம் இரண்டு தடவை டீ போட்டிருப்போம்.

இதை நான் மாதாமாதம் சிரிப்புக் கட்டுரை எழுதும் பத்திரிகைக்குத்தான் அனுப்புகிறேன். "சிரிப்பா இருக்குமில்ல மேடம்?" என்று ஆசிரியர் போனில் கேட்டார். இருக்கும் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்வது எனக்கென்ன புதிதா?

நேற்று பவித்ரா ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். என் மாடி வகுப்பில் ஸ்போக்கன் இங்கிலீஷ் படித்த நர்ஸ் பொண்ணு, உனக்கு நன்றாகவே தெரிந்தவள். லண்டன் பக்கத்தில் ஏதோ ஒரு பார்க்கில் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். கீழே ஒரு வரி: "மிஸ், உங்க பார்க் ஆன்சர்தான் என்ன இங்க கொண்டாந்து உக்கார வெச்சுது." அதற்கு நான் ஒரு கைகூப்பும் பொம்மையும் ஒரு பூவும் அனுப்பினேன். பிறகு சமையலறைக்குப் போய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

படிக்கிறவர்களுக்கு விளங்கச் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். வெளிநாட்டு வேலைக்குப் போகும் நர்ஸுகள் ஓர் இங்கிலீஷ் பரீட்சை எழுதவேண்டும். அதில் பேச்சுப் பரீட்சை தனி. எதிரே உட்கார்ந்திருப்பவர் உன் ஊர் எது, மழை பிடிக்குமா, பார்க்குக்குப் போவாயா என்று சம்பந்தி வீட்டார் மாதிரி கேட்பார். அந்தக் கேள்விகளுக்கு நான் மாடியில் பதில் சொல்லிக்கொடுக்கிறேன். பார்க்குக்கு நான் போய் எத்தனை வருஷமாயிற்று என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

நீயும் அதே பரீட்சைக்குத் தயாரான நர்ஸ்தான், ஆனாலும் என் வகுப்புக்கு வரமாட்டாய். "உங்கிட்ட படிச்சா ஆஸ்பத்திரியே சிரிக்கும்" என்பாய். ஞாயிற்றுக்கிழமை கருவடிக்குப்பத்திலிருந்து வந்து, என் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே இங்கிலீஷ் பேசிப் பார்ப்பாய். பதினெட்டு வருஷம் ஒரே வார்டு. நேற்று வந்த டாக்டர்கூட உன்னை "ஏய் சிஸ்டர்" என்று கூப்பிட்டதை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்! ஒரு தடவையாவது உன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிற இடத்தில் வேலை பார்க்கவேண்டும், கவியையும் கூட்டிக்கொண்டு போய்விடவேண்டும். உனக்கு இருந்தது அந்த ஒரு ஆசைதான்.

"பார்க்குக்குப் போவியா?" என்று ஒரு ஞாயிறு நான் பரீட்சை அதிகாரி குரலில் கேட்டேன்.

"ஐ டோன்ட் கோ டு பார்க். நோ டைம்."

"முடிஞ்சிது, ஊட்டுக்குப் போ. இதுக்கு யாருடி மார்க் போடுவா?"

"நெஜம் அதானக்கா. டூட்டி முடிச்சு வந்தா காலு எங்க இருக்குதுன்னே தெரியல, இதுல பார்க்கு வேற."

"சின்ன வயசுலயாவது போயிருக்கோமில்ல? யோசிச்சுச் சொல்லு."

நீ கத்தியைக் கீழே வைத்தாய். உன் ஓட்டை இங்கிலீஷில் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாய். மில் லீவு என்று அப்பா நம் இருவரையும் பொட்டானிக்கல் கார்டனுக்கு அழைத்துப்போன ஞாயிற்றுக்கிழமை. வாசலில் நின்று தீபாவளிக்கு வாங்கின செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். "பிரெஞ்சுக்காரன் வெச்ச தோட்டம், கவர்மெண்டு எடம். செருப்போட மிதிக்கலாமா? புள்ளைங்க நீங்க போட்டுக்குங்க, முள்ளு குத்தும்" என்றார். உள்ளே சுற்றிவிட்டு வெளியே வந்தால் செருப்பைக் காணோம். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீன் வாங்கவேண்டும் என்று வெறுங்காலோடு பெரிய மார்க்கெட்டுக்கு நடந்தார். தார் ரோடு கொதித்தது. உனக்கு ஆறு வயது. நீ உன் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "எனக்கும் வேணாம்ப்பா" என்று அவர் பக்கத்தில் ஓடினாய்.

அன்றைக்கு வெங்காயத்தின்மேல் பழி போட்டு இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். "இதையே சொல்லுடி, இதவிட என்ன ஆன்சர் வேணும்?" என்றேன். அந்த அளவோடு நான் நின்றிருக்கலாம்.

மறுநாள் காலை வகுப்பில் பதினொரு பேர். பார்க் கேள்விக்கு அத்தனை பேரும் பச்சைப்பசேல், சுத்தமான காற்று என்றே சொன்னார்கள். எனக்குக் கொட்டாவி வந்தது. கைதட்டல் வாங்கும் பழக்கம் சும்மா இருக்குமா? சாக்பீஸை எடுத்து அப்பாவின் செருப்பை போர்டில் எழுதிவிட்டேன், இலக்கணம் திருத்தி, நல்ல நல்ல வார்த்தையாகப் போட்டு. பதினொரு பேரும் எழுதிக்கொண்டார்கள். ஒரு பொண்ணு மூக்கை உறிஞ்சினாள். எனக்கு ஒரே பெருமை.

உன்னிடம் சொல்லவில்லை. மறந்துபோனேன் என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். மறக்கவில்லை வசந்தி. ஒரு நல்ல விஷயம் கைக்குக் கிடைத்தால் அது யாருடையது என்று கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

பரீட்சை சென்னையில். நீ விடியற்காலை பஸ் ஏறிப் போனாய். காத்திருக்கும் இடத்தில் பவித்ராவும் என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரும் இருந்தார்கள். மூன்று பேரும் உனக்கு முன்னால் உள்ளே போய்வந்தார்கள். கடைசியாக வெளியே வந்த பவித்ரா உன் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாளாம்: "அக்கா, பார்க்கு வந்துச்சு! மிஸ் குடுத்த செருப்புக் கதைய அடிச்சு வுட்டுட்டேன். எங்க மூணு பேருக்கும் அதேதான் வந்துச்சு!"

அடுத்து உன் பேரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே பரீட்சை வைத்த அம்மா உன்னிடமும் பார்க்கைத்தான் கேட்டாளாம், கவி பிறகு சொன்னாள். வேறு என்ன சொல்வாய்? உன்னிடம் இருந்தது அது ஒன்றுதான். என் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றினார் என்று ஆரம்பித்திருக்கிறாய். அவள் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கிச் சின்னதாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, பேனாவைக் கீழே வைத்தாள். அந்த இடத்தில் நீ என்ன செய்தாய் தெரியுமா? இங்கிலீஷ் பரீட்சையில், இங்கிலீஷ்காரியாக உட்கார்ந்திருந்தவளிடம், "இல்ல மேடம், நெஜமாவே எங்கப்பா" என்று தமிழில் சொன்னாய்.

பேச்சில் ஏழு மார்க் வேண்டும், ஆறரை வந்தது. உன்னைக் கவிழ்த்தது அந்தச் சிரிப்பா, அந்தத் தமிழா? இல்லை, என் கதை இல்லாவிட்டாலும் அதே ஆறரைதானா? இந்தக் கேள்வியை வைத்து எனக்குச் சாதகமாக நிறையத் தடவை வாதாடிப் பார்த்துவிட்டேன். ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை.

மார்க் வந்த அன்று நீ என் வீட்டு வாசப்படியைத் தாண்டவில்லை.

"எங்கப்பாவ எத்தினி பேருக்குக் குடுத்த?"

"ஒரு மாதிரிக்குத்தாண்டி..."

"எத்தினி பேரு?"

"பதினோரு பேரு."

"அந்தக் கதையில செருப்பக் கழட்டிக்கினு அப்பாகூட நடக்கிற புள்ள யாரு?"

போர்டில் நான் எழுதியதெல்லாம் 'நான்', 'என்' என்றுதான்.

"நீ போட்டுக்கினுதான வந்த? பத்தடி பின்னால. கூடப் படிக்கிற பொண்ணுங்க யாராச்சும் பாத்துடுவாங்கன்னு எங்க ரெண்டு பேரையும் தெரியாத மாதிரி வந்தியே, மறந்துட்டியா?"

நீ சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன். மெதுவாகச் சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோ வந்ததும் ஏறிப் போய்விட்டாய். அதன்பிறகு ஏழு மாதம் கவி மூலமாகத்தான் பேச்சு. திரும்ப எழுதப் பணம் கட்டியிருக்கிறாய் என்பதும், இந்தத் தடவை பார்க் கேட்டால் "நோ டைம்" என்றே சொல்லப்போகிறாய் என்பதும் அவள் சொல்லித்தான் தெரியும். அந்தத் தேதி வருவதற்குள் டூட்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவள் எழவேயில்லை. உனக்கு உண்மையிலேயே நேரம் இல்லை.

போன ஞாயிறு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். வாசலில் நின்று செருப்பைக் கழற்றினேன். இத்தனை வருஷம் கழித்து ஒரு நல்ல காரியம் செய்கிறோம் என்று நெஞ்சு லேசாக விம்மக்கூட ஆரம்பித்தது. வாட்ச்மேன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்: "யம்மா, எதுக்குக் கழட்டுற? இது என்னா கோயிலா? போட்டுக்கினு போ. காணாப்போனா என்னாண்ட வந்து நிக்காத."

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். உடனே போட்டுக்கொண்டேன். அன்றைக்கும் இதேதான், இல்லையா?

கவியும் நர்ஸிங் முடிக்கப்போகிறாள். முந்தாநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "பெரியம்மா, பார்க்குன்னு கேட்டா அம்மா கதைய நான் சொல்லலாமா?"

"வேணாண்டா கண்ணு. அது இப்ப ஊர்ல பதினோரு பேருகிட்ட இருக்குது. காப்பி அடிச்சேம்பாங்க."

"அது எங்க தாத்தா, எங்கம்மா. பவித்ராக்கா சொல்லலாம், நான் சொல்லக்கூடாதா?" தட்டில் கை அப்படியே நின்றது. "அப்ப எனக்குன்னு என்னதான் இருக்குது?"

நாலு பேர் நடுவில் பேசிப் பேர் வாங்கினவள் நான். அவள் தட்டில் ரசம் மட்டும் ஊற்றினேன்.

அந்தக் கதையை இப்போதும் ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேனே என்று நீ கேட்பாய். ஆமாம், சொல்கிறேன். வெறுங்காலோடு நடந்தது வசந்தி என்று, உன் பேரைப் போட்டு, இந்த ஒரு தடவை மட்டும். பவித்ராவும் படிக்கட்டும். போர்டில் இனிமேல் அது ஏறாது.

வருகிற ஞாயிறு கவியை அந்தத் தோட்டத்துக்கு அனுப்புகிறேன். தனியாகவோ, சிநேகிதிகளோடோ, அது அவள் இஷ்டம். நான் கூடப் போகமாட்டேன். அங்கே அவளுக்கு என்ன நடந்தாலும், ஒன்றுமே நடக்காமல் போனாலும், அது அவளுடையதாக இருக்கட்டும். திரும்பி வந்து என்னிடம் சொல்ல ஆரம்பித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வேன். அவள் இங்கிலீஷ் எவ்வளவு ஓட்டையாக இருந்தாலும் ஒரு வார்த்தை திருத்தமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
செருப்போடு பத்தடி பின்னால் வந்த
உன் அக்கா