நான் மெட்ராசுக்கு வரவில்லை

4 டிசம்பர் 1983, ஞாயிறு

என்னை ஒரு வார்த்தை கேட்காமல், இந்த வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டான் மெட்ராசில் வேலை பார்க்கும் என் மகன் சலீம். என்னை மெட்ராசுக்குக் கூட்டிப் போகிறானாம்.

"அங்க டிவி இருக்கு அத்தா. கிரிக்கெட், சினிமா எல்லாம் படுத்துக்கிட்டே பாக்கலாம்."

"வாடகை?"

"கொஞ்சம் ஜாஸ்திதான். பாதிச் சம்பளம் போயிடும். தண்ணி கீழ இருந்து தூக்கணும்."

"நான் படுத்துக்கிட்டு டிவி பாக்க, நீ தண்ணி தூக்கறியா?"

எதிர்வீட்டுத் தையல்காரர் கோவிந்தன் வந்துவிட்டார். "பாய் போயிட்டா, ரேடியோவுல கிரிக்கெட்ட இங்கிலீஷ்ல சொல்றத எங்களுக்கு யாருங்க தமிழ்ல சொல்றது?"

சலீம் சிரித்தான். "இவரு பள்ளிக்கூடமே போகல. பாதி இவரா கட்டி விடறது."

"இருக்கட்டும் தம்பி. பாய் சொன்னா, ஆளு அவுட் ஆகறது கண்ணுல தெரியுது."

காதால் கேட்டே கற்ற இங்கிலீஷ். அதைக் கேட்கத் தெருவே என் வாசலில் உட்காருகிறது. மெட்ராசில் எவ்வளவு வாடகை கொடுத்தாலும் இது கிடைக்குமா?

சனிக்கிழமை ஆட்டம் ஆரம்பம். நாளைக் காலையில் பஸ் ஏறுவதற்கு முன் சலீமே வீட்டுக்காரரிடம் போய், காலி செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். கோவிந்தன் ஏரியல் கம்பியை உயர்த்திக் கட்ட வேண்டும். நான் புது பேட்டரி வாங்க வேண்டும். லீவு கிடைத்தால் சலீமும் வரலாம். ஆனால் பின்னால்தான் உட்கார வேண்டும்.