பத்தியம் முடித்துவைக்க வரவேண்டியவர்கள்

கடலூர் முதுநகர்
4.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இவ்வளவு நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். நம் பாப்பா இப்போதுதான் தூங்கினாள். போனில் பேசினால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள், பக்கத்தில் அத்தை இருக்கிறார்கள். அதனால்தான் நீங்கள் வேலை பார்க்கும் ரைஸ் மில் முகவரிக்குக் கடிதமாகவே போடுகிறேன்.

பேங்கில் மயங்கி விழுந்ததைச் சொல்லியிருந்தேன். ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்த டாக்டர், ஒரு டயட்டீஷியனையும் பார்க்கச் சொன்னார். ஆரோக்கிய ராணி என்று பெயர், முறையாகப் படித்துப் பதிவு பெற்றவர். போகவே பயமாக இருந்தது. திட்டுவார், அச்சடித்த சார்ட் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அப்படி எதுவும் இல்லை. எடை பார்த்தார், ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படித்தார், பிறகு நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“நேத்து காலையில எழுந்ததுலருந்து சொல்லுங்கம்மா.”

சொன்னேன். காலையில் இட்லி, பூண்டுப் பொடி. மதியம் சோறு, பூண்டுக் குழம்பு, சுட்ட கருவாடு. ராத்திரி மறுபடியும் இட்லி.

“முந்தாநாளு?”

அதேதான்.

“பருப்பு, தயிரு, கீரை, பழம்? எதுனா ஒத்துக்காதா?”

“பத்தியம் மேடம்.”

“கொழந்தைக்கு என்ன வயசு?”

“பத்து மாசம்.”

அவர் சிரிக்கவில்லை. “சாப்புடக் கூடாதுன்னு யாரு சொன்னாங்க?” என்றார்.

“யாரும் சொல்லலை. சாப்புடுன்னும் யாரும் சொல்லலை.”

நம் இரண்டு வீட்டு வழக்கமும் உங்களுக்குத் தெரியும். மாமியார் வந்து, தன் கையால் பருப்பும் தயிரும் போட்டுச் சாப்பிடவைத்துப் பத்தியத்தை முடித்து, தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போக வேண்டும். பேர் வைத்த அன்று என் அப்பாவுக்கும் உங்கள் அம்மாவுக்கும் வாக்குவாதம் வந்தது, பந்தியிலிருந்து எழுந்து போன அத்தை அதற்குப் பிறகு வரவே இல்லை. நாங்களாக முடித்துக்கொண்டால் அதுவும் ஒரு பேச்சாகிவிடும் என்று அம்மா பயப்படுகிறாள். எம்.எஸ்சி. படித்தவளுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். பாப்பாவுக்குப் பருப்புச் சோறு பிசையும்போது உப்பு பார்க்க அம்மாவைக் கூப்பிடுகிறேன். தெரிந்துதான் கூப்பிடுகிறேன்.

இதையும் அவரிடம் சொன்னேன். “ஆசையா இருக்காதா?” என்று கேட்டார். பசியே தெரியவில்லை என்றேன். பாப்பா சிரித்தால்கூட, சிரிக்கிறாள் என்று தெரிகிறது, அவ்வளவுதான். தூக்கம், பால், அழுகை எல்லாம் கேட்டுவிட்டு, இதை டாக்டரிடமும் சொல்லவேண்டும் என்றார். சாப்பாட்டில் ஒவ்வொன்றாகத்தான் மாற்றுவாராம். அடுத்த முறை வரும்போது, “உங்க சாப்பாட்ட யாரு முடிவு பண்றாங்களோ அவுங்கள கூட்டிட்டு வாங்க” என்றார்.

யாரை என்று தெரியவில்லை மாமா. நீங்களும் அத்தையும் வாருங்கள். பதினெட்டாம் தேதி.

உங்கள்
கயல்விழி

சிதம்பரம்
10.2.2025

அன்புள்ள கயலு,

கடிதம் கிடைத்தது. மில்லில் பிரித்துப் படித்ததைப் பார்த்து ராஜமாணிக்கம், “இன்னாடா மச்சான், இந்தக் காலத்துல லவ் லெட்டரா?” என்று ஒரே கிண்டல். பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா?

இப்போது சம்பா அறுப்பு. நெல் வரத்து ஜாஸ்தி. காட்டுமன்னார்கோயில் மில்லிலிருந்து கடைசி பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேர்வதே பெரும்பாடு. அம்மாவிடம் பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன். “டயட்டு டாக்டரு முன்னாடி என்னையக் கொண்டுபோயி நிக்க வைக்கப் பாக்குறாளா? அவுங்க அப்பன் வந்து ஒரு வார்த்த கேக்கட்டும், மறுநாளே வரேன்” என்கிறார்கள். உன் அப்பா கேட்கமாட்டார். நான் நடுவில் மாட்டிக்கொண்டு என்ன செய்வது சொல்.

பத்தியம்தானே, இத்தனை நாள் பொறுத்தாய். பங்குனி பிறக்கட்டும், பேசிப் பார்க்கிறேன். அதுவரை அந்த அம்மாவிடம் ஒரு சார்ட் வாங்கி அனுப்பு. அதில் உள்ளபடி சத்துமாவு அரைத்து அனுப்புகிறேன்.

அன்புடன்
சிலம்பரசன்

கடலூர் முதுநகர்
20.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இன்றும் எல்லோரும் படுத்த பிறகுதான் எழுத முடிந்தது. பல் இரண்டு வந்திருக்கிறது. கீழே.

பதினெட்டாம் தேதி அம்மாவைத்தான் அழைத்துப் போனேன். ஆட்டோவில் வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். உள்ளே போனதும், “நான் நாலு பெத்தவம்மா, எனக்குத் தெரியாத பத்தியமா?” என்று ஆரம்பித்துவிட்டாள்.

“நாலுக்கும் பத்து மாசம் பத்தியம் இருந்தீங்களா?” என்று கேட்டார் ஆரோக்கிய ராணி.

“அதெப்புடி? என் மாமியாரு முப்பதாம் நாளே வந்து பருப்பு, தயிரு எடுத்து வச்சிட்டாங்களே!”

சொல்லிவிட்டு அம்மா அப்படியே நிறுத்திவிட்டாள். பாப்பா மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அவர், “கருவாடு, பூண்டு எதையும் நிறுத்த வேணாம்மா. கூடவே பருப்பு, மதியத்துல ஒரு கப்பு தயிரு, ஒரு பழம். அடுத்த தடவ கீரையப் பாப்போம்” என்றார். சார்ட் எதுவும் தரவில்லை. அதனால் உங்களுக்கு அனுப்ப ஒன்றுமில்லை.

மறுநாள் அம்மா சாம்பார் வைத்தாள். தயிரும் உறை ஊற்றியிருந்தாள். ஆனால் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தட்டுக்கு நேராக நின்றவள் நின்றபடியே இருந்தாள். “நான் போடலாமாடி?” என்றாள். அவள் கையிலிருந்து வாங்கி நானே போட்டுக்கொண்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ருசியும் தெரியவில்லை. கொஞ்சம் புளிப்பாக இருந்தது. இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன்.

பத்தியம் முடிந்துவிட்டது. இதை அத்தையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். பேச்சு வந்தால் வரட்டும். பருப்பும் தயிரும் எடுத்து வைப்பதற்காக இனி யாரும் இங்கே வரவேண்டியதில்லை. இதற்காகத்தான் காத்திருக்கிறோம் என்று இத்தனை மாதமும் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம், நானும் சொன்னேன். இப்போது அதுவும் இல்லை. என்னையும் பாப்பாவையும் அழைத்துப்போக உங்களுக்கு வேறு காரணம் இருக்கிறதா என்பதை மட்டும் எழுதுங்கள். இல்லை என்றாலும் எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

கயல்விழி