இரண்டாவது முதல் நாள்

மார்ச் 3, திங்கள்

பல் டாக்டர் அம்மாவுக்கு இன்று ஏழாவது டிரைவிங் வகுப்பு. ஊரில் பாதிப் பேரை வாயைத் திறக்க வைக்கிற அம்மா, கிளச்சை மெல்ல விடுங்கள் என்றால் கண்ணை மூடிக்கொள்கிறார். மூன்று முறை என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். பதினெட்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன், இப்படி ஒரு மாணவி வாய்த்ததில்லை.

நாளையிலிருந்து பதினான்கு நாள் வெறும் திரவம். 18ஆம் தேதி இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன். உணவு ஆலோசகர் கொடுத்த தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியாயிற்று. நாலு வேளை புரோட்டீன் மாவைக் கரைத்துக் குடிக்க வேண்டும். நடுவில் வடிகட்டிய சூப், சர்க்கரை போடாத டீ, தண்ணீர். பல்லுக்கு வேலையே கிடையாது. கல்லீரலில் கொழுப்பு ஏறி, அது இரைப்பையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதாம். இப்படிப் பட்டினி போட்டால் சுருங்கி வழிவிடுமாம்.

எடை 134 கிலோ.

எதற்காக இதைச் செய்கிறேன் என்று எழுதி வைக்கிறேன். பாதியில் மறந்தால் புரட்டிப் பார்க்கலாம். அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய் மூன்று வருடம் ஆகிறது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். என் கிட்னி அவளுக்குப் பொருந்துகிறது. ஆனால் இந்த எடையோடு தானம் கொடுக்க விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். முதலில் வயிறு, அடுத்த வருடம் கிட்னி. எனக்காக இல்லை. அவ்வளவுதான்.

மார்ச் 4, செவ்வாய்

முதல் நாள். ஒன்றும் தெரியவில்லை. இதற்கா இவ்வளவு பயமுறுத்தினார்கள்?

மார்ச் 6, வியாழன்

தெரிகிறது.

மார்ச் 7, வெள்ளி

தலைவலி. வாயில் ஏதோ இரும்பைச் சப்பியது போல ஒரு ருசி. ரவுண்டானாவில் பல் டாக்டர் வண்டியை நடுவில் நிறுத்திவிட்டார், பின்னால் ஹாரன் மேல் ஹாரன். "ஏங்க, கால் இருக்குல்ல உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். இதுவரை எந்த மாணவரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அவர் ஓரமாக நிறுத்தினார், அதுவும் ஒழுங்காக, இண்டிகேட்டர் போட்டு. பிறகு கேட்டார்: "சாப்டீங்களா சார்?"

குடித்தேன் என்றா சொல்வது?

விஷயத்தைச் சொன்னேன். அக்காவைப் பற்றியும் சொன்னேன். "உங்கள மாதிரி தம்பி யாருக்குங்க கிடைப்பான்" என்றார். கேட்க நன்றாக இருந்தது. எல்லாரிடமும் இதைத்தான் சொல்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. ஆபரேஷன் என்றதும் அடுத்த மூச்சில் அக்கா. குண்டாக இருக்கிறேன், குறைக்கப் போகிறேன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. ஏன்?

மார்ச் 8, சனி

டயாலிசிஸுக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். நாலு மணி நேரம். அவள் கையிலிருந்து ரத்தம் குழாய் வழியாகப் போய் எந்திரத்துக்குள் சுற்றித் திரும்பி வருகிறது. அவள் எட்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கிறாள். நான் பையிலிருந்து பாட்டிலை எடுத்து என் மாவுக் கரைசலைக் குடித்தேன். அவள் அதையே பார்த்தாள். அவள் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது.

"டேய் மூட்டை, நீ குடிக்கிறத எனக்குக் குடு, நான் சாப்பிடுறத நீ எடுத்துக்க. ரெண்டு பேரும் உருப்பட்டுருவோம்."

பக்கத்துப் படுக்கைக்காரர்கூடச் சிரித்தார். கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்து, "முழுசா முடிப்பியா? நடுவுல விட்ற மாட்டியே?" என்று கேட்டாள். சத்தியம் பண்ணு என்றாள். ஐம்பதை நெருங்கும் கணக்கு டீச்சர், சின்னப் பிள்ளை மாதிரி. பண்ணினேன்.

மார்ச் 10, திங்கள்

மனைவி என் எதிரில் சாப்பிடுவதில்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே சாப்பிடுகிறாள். தட்டில் கரண்டி படாமல். அந்தச் சத்தமில்லாத சத்தம்தான் எனக்கு அதிகம் கேட்கிறது.

"உக்காந்து சாப்பிடு, நான் ஒண்ணும் உன் தட்டப் பிடுங்க மாட்டேன்" என்றேன். அவள், "பதினாறு வருஷம் எதிரும் புதிருமா உக்காந்து சாப்பிட்டாச்சு, தனியா உக்காந்தா எறங்க மாட்டேங்குதுங்க" என்றாள்.

எங்கள் பேச்சு முழுக்கச் சாப்பாட்டு மேசையில்தான் நடந்திருக்கிறது. மேசை இல்லாமல் இரண்டு பேரும் வீட்டுக்குள் வழி தவறியவர்கள் மாதிரி நடமாடுகிறோம். சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரை என்ன செய்வதென்றே தெரியவில்லை. பசிகூட இல்லை இப்போது. பசி இல்லை என்றால் பின்னே இத்தனை வருடம் நான் எதைச் சாப்பிட்டேன்?

மார்ச் 13, வியாழன்

காலை ஏழரைக்கு அத்தான் போன். ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவிட்டார்களாம். விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கிட்னி. காத்திருப்போர் பட்டியலில் அக்காவின் பெயர் வந்துவிட்டது. எல்லாம் பொருந்துகிறது, உடனே வாருங்கள் என்றார்களாம்.

மூன்று வருடம் வராதது இன்றைக்கு வந்திருக்கிறது.

மத்தியானம் உள்ளே கொண்டுபோனார்கள். சாயங்காலம் ஐந்தேகாலுக்கு டாக்டர் வெளியே வந்து, புதுக் கிட்னி மேசையிலேயே சிறுநீர் பிரிக்க ஆரம்பித்துவிட்டது என்றார். அத்தான் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். யார் பெற்ற பிள்ளையோ.

மார்ச் 14, வெள்ளி

அக்கா நன்றாக இருக்கிறாள். எல்லாரும் சந்தோஷம். நானும்தான்.

எழுதிவிடுகிறேன், வேறு எங்கே சொல்ல முடியும். நேற்று அத்தான் போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. ஒரு வினாடி, ஒரே ஒரு வினாடி, எதையோ என் கையிலிருந்து பிடுங்கின மாதிரி இருந்தது. ச்சே. என்ன மனுஷன்டா நீ?

சாயங்காலம் மனைவி கேட்டாள்: "இனிமே உங்களுக்கு எதுக்குங்க இந்த ஆபரேஷன்? வேண்டாம்னு சொல்லிரலாம்ல?" அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இத்தனை நாள் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆமா, எதுக்கு?

மூன்றாம் தேதி எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். "எனக்காக இல்லை. அவ்வளவுதான்." அது இப்போது ஒரு உதவிக்கும் வரவில்லை.

மார்ச் 15, சனி

சாப்பிட்டேன்.

மனைவி கோழி வறுத்தாள், முட்டை அவித்தாள், ரொட்டி சுட்டாள். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். அவள் பழையபடி பேசினாள், தான் வேலை பார்க்கும் மருந்துக்கடை முதலாளியைப் பற்றி, வேலைக்குச் சேர்ந்திருக்கும் புதுப் பெண்ணைப் பற்றி. நன்றாக இருந்தது. நாலாவது ரொட்டிவரை நன்றாக இருந்தது. அதற்குப் பிறகும் கை போய்க்கொண்டே இருந்தது, யாரோ வேறு ஒருவன் கை மாதிரி. வயிறு வலிக்க வலிக்க சாப்பிட்டேன். ருசி எப்போது நின்றது என்றே தெரியவில்லை.

பதினொரு நாள் போச்சு. போனால் போகட்டும், யாருக்கு நஷ்டம்? யாருக்கும் இல்லை. அப்புறம் ஏன் துணி துவைக்கிற இடத்தில் போய் உட்கார்ந்து அழுதேன்?

மார்ச் 16, ஞாயிறு

இன்றும் சாப்பிட்டேன். எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 17, திங்கள்

சர்ஜனைப் பார்க்கப் போனேன். இரண்டு நாள் சாப்பிட்டதை ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துத் திரையைப் பார்த்தார்.

"கல்லீரல் கொஞ்சம் சுருங்கியிருக்கு, பத்தாது. நாளைக்கு என்னால கை வைக்க முடியாது. வேணும்னா மறுபடி முதல்லேருந்து பதினாலு நாள் இருங்க, ஏப்ரல் மூணு காலியா இருக்கு. வேண்டாம்னா அதையும் சொல்லிருங்க, அந்தத் தேதிக்கு வேற ஆள் காத்திருக்காங்க."

"அக்காவுக்குத்தான் கெடச்சிருச்சே டாக்டர்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. என் ஃபைலைப் புரட்டினார். எல்லைக்கோட்டில் நிற்கிற சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சு நிற்பது, முழங்கால். "இதெல்லாம் உங்களுதுதானே?" என்றார்.

கோபமாக வந்தது. அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தானோ என்னவோ.

மார்ச் 19, புதன்

அக்காவைப் பார்த்தேன். நடுவில் கண்ணாடி. இந்தப் பக்கம் ஒரு போன், அந்தப் பக்கம் ஒரு போன். முகக்கவசத்துக்கு மேல் அவள் கண் மட்டும், மூன்று வருடத்துக்குப் பிறகு வீக்கம் இல்லாமல்.

"நேத்து உனக்கு ஆபரேஷன் ஆகியிருக்கணுமே, எப்படி இங்க நிக்கற?"

உளறிக் கொட்டினேன். இனிமேல் அவசியமில்லை, உனக்குத்தான் சரியாகிவிட்டதே, அது இது. அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள். பிறகு சொன்னாள்:

"உன் கிட்னிய நான் வாங்கியிருக்கவே மாட்டேன்டா."

"என்ன?"

"அஞ்சு மாசம் முன்னாடியே டாக்டர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். உங்கிட்ட இப்பச் சொல்லாதீங்கன்னும் சொன்னேன். எனக்காகன்னா நீ எடையக் குறைப்ப. உனக்காகன்னா குறைக்க மாட்ட. அதான்."

போனை வைத்துவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் போனைக் காட்டி எடு எடு என்று சைகை செய்தாள். எடுக்கவில்லை. படி இறங்கி, வண்டிக்குள் உட்கார்ந்து, வண்டியை எடுக்காமல் ஒரு மணி நேரம் இருந்தேன்.

ஏமாத்திட்டா. அஞ்சு மாசம். டயாலிசிஸ் படுக்கையில படுத்துக்கிட்டு என் கையப் பிடிச்சு சத்தியம் வாங்குறா! நான்தான் அவளைத் தூக்கிச் சுமக்கிறேன்னு ஊரெல்லாம் பெருமை அடிச்சிக்கிட்டுத் திரிஞ்சேன். அவ எனக்குக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போயிருக்கா. மூட்டைன்னு சும்மாவா கூப்பிட்டா.

கோபமா? நன்றியா? அவமானமா? மூன்றும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. இப்போது சாக்குச் சொல்ல யாரும் இல்லை. அக்காவுக்காகச் செய்யவும் முடியாது, அக்கா மேலுள்ள கோபத்தில் விட்டுவிடவும் முடியாது. விட்டால் அதுவும் நான்தான்.

மனைவியிடம் கேட்டேன், "உனக்கு நெஜமாவே பயமா இருக்கா?" ஆமாம் என்றாள். பிறகு, "நீங்க தூங்கறப்ப மூச்சு நின்னு நின்னு வருதே, அதுக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள். எந்தப் பயம் பெரியது என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள்.

எங்கள் வீட்டில் இப்போது ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 20, வியாழன்

சர்ஜன் ஆபீஸுக்குப் போன் போட்டேன். முதல் நாள்.

மார்ச் 24, திங்கள்

ஐந்தாம் நாள். மனைவி மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறாள், நான் எதிரில் உட்கார்ந்து குடிக்கிறேன். நேற்று அரை மணி நேரம் பேசினோம், எதைப் பற்றி என்று நினைவில்லை.

எப்படி இருக்கிறீர்கள் என்று பல் டாக்டர் கேட்டார். எடை குறைக்க ஆபரேஷன் பண்ணிக்கொள்ளப் போகிறேன் என்றேன். அத்தோடு நிறுத்திக்கொண்டேன். அடுத்த வாக்கியம் தொண்டைவரை வந்தது.

மார்ச் 30, ஞாயிறு

அக்காவோடு இன்னும் பேசவில்லை. தினமும் ஒரு செய்தி அனுப்புகிறாள், வெறும் எண் மட்டும். நேற்று 10. இன்று 11. நான் எத்தனையாவது நாளில் இருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். யார் சொன்னார்கள் அவளிடம்? மனைவியாகத்தான் இருக்கும். இன்று மட்டும், "சரி டீச்சர்" என்று பதில் போட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

நாளை காலை எட்டு மணி. பயம். ஏன் செய்கிறேன் என்று எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. போகிறேன், அவ்வளவுதான் எழுத முடிகிறது.

ஜூன் 12, வியாழன்

எனக்கும் அக்காவுக்கும் ஒரே நாளில் செக்கப். ஒரே ஆட்டோவில் போனோம், நடுவில் ஒரு பையை வைக்க இடம் இருந்தது. வாசலில் புது செக்யூரிட்டி. கையில் இரண்டு வண்ண அட்டை, நோயாளிக்கு ஒன்று, துணைக்கு வந்தவருக்கு ஒன்று.

"யாருங்க பேஷன்ட், யாரு கூட வந்தவங்க?"

அக்கா என்னைக் காட்டினாள். அதே நேரம் நான் அவளைக் காட்டினேன். செக்யூரிட்டி இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சீக்கிரம் முடிவு பண்ணுங்க, பின்னாடி வரிசை நிக்குது" என்றார்.

எந்த அட்டை என் கைக்கு வந்தது என்று பார்க்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவளோடு உள்ளே போனேன்.